முறை சொல்கிறவள்

தாராவியில் நாங்கள் இருந்த சாலில், வரிசைக் குடியிருப்பில், நாற்பத்துமூன்று கோலிகள். ஒவ்வொரு கோலியும் ஒரு குடும்பம் படுத்தால் நிறைந்துவிடும் ஒற்றை அறை. இத்தனைக்கும் சேர்த்துக் குழாய் ஒன்று. காலை ஐந்து மணிக்கு அது முதலில் இருமும், பிறகு காற்று விடும், அப்புறம் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு நின்றுவிடும். வீட்டுக்கு இரண்டு குடம். பக்கத்துச் சால்களில் குழாயடியில் மண்டை உடையாத வாரம் கிடையாது. எங்கள் சாலில் பதினோரு வருஷமாக ஒரு குடம்கூட நசுங்கியதில்லை. காரணம் சீனியம்மாள்.

குழாய் மேடை ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்று அவள் பெயர் சொல்லுவாள். சொன்ன பெயர்க்காரி குடத்தை வைப்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் எப்படி வருகிறது என்பது பெரிய சூட்சுமம். நேற்று முதலில் பிடித்தவள் இன்று கடைசி. அப்படியே சுற்றி வரும். மில்லில் முதல் ஷிப்டு உள்ள வீடு சங்கு ஊதுமுன் பிடித்தாக வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பதினாறு நாள் முதல் குடம். சாவு வீட்டுக்குக் கேட்கிற குடம். ரம்ஜான் மாதம் நோன்பு வீடுகளுக்குத் தனிமுறை. ஊருக்குப் போய் வந்தவள் விட்ட இடத்தில் வந்து சேர வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்டு மாறும்போது எல்லாம் தலைகீழாகும்.

ஒரு தரம் இதை எழுதி வைத்துவிடலாம் என்று பார்த்தேன். தோல் ஷாப்பில் ஈரத்தோல் தூக்குகிறவன் நான். முப்பத்தாறு வயதில் சங்கத்து வகுப்பில் எழுத்துப் படித்தேன். படித்த புதிதில் கண்டதையெல்லாம் எழுதிப் பார்க்கிற ஆசை இருந்தது. மூன்று நாள் எழுதினேன். நாலாம் நாள் முறை என் காகிதத்தை விட்டு எங்கேயோ போய்விட்டது.

"பேப்பர்ல தண்ணி நிக்குமா தம்பி?" என்று சீனியம்மாள் சிரித்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் இடியாப்பக் கூடையைச் சுமந்து மாட்டுங்காவுக்கு நடந்தவள். அவள் புருஷன் தங்கசாமி என் ஷாப்பில்தான் வேலை. முந்தின வருஷம் அவனுக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது. கிடைத்த அன்றைக்கே கூடையை எடுத்து அட்டத்துப் பரணில் போட்டான். "போதும்ளா. ஒழச்சது போதும். இனிமே ராணி மாதிரி உக்காரு" என்றான். சால் முழுக்க அவனைப் புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன்.

கார்த்திகை மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. வாசலில் பலகை போட்டுப் போர்த்திப் படுத்திருந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

சீனியம்மாள் "ஹபீபா" என்றாள். ஹபீபா காயல்பட்டினத்துக்காரி, எங்கள் அடுத்த கோலி. அவள் சற்று முன்புதான் பிடித்துக்கொண்டு போயிருந்தாள். முறை மூலைக் கோலித் தங்கமயிலுக்கு. ஆவணியில் கல்யாணமாகி வந்த புதுப்பெண். அவள் தன் குடத்தை மேடையருகே கொண்டுவந்து வைத்தும்விட்டாள். பக்கத்தில் நின்ற முருகம்மாள் பேசாமல் அந்தக் குடத்தைக் காலால் ஒதுக்கினாள். ஹபீபா வேறு குடத்தோடு ஓடிவந்து பிடித்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்து திரும்பினாள். திரும்பியதும், சீனியம்மாள் கண்ணுக்கு மறைவில், அங்கே குடத்தோடு வந்து நின்ற தங்கமயிலுக்கு அந்தத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரொம்ப நாள் பழகின வேலை போல இருந்தது.

அன்றைக்கு மட்டும் ஐந்து தரம் அப்படி நடந்தது.

தண்ணீர் நின்றபின் முருகம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீங்க பாத்துட்டியளா அண்ணாச்சி?" என்று தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு மாசமா இப்படித்தான். முதல்ல ஒண்ணு ரெண்டு தப்புச்சு. இப்பம் கூடிப்போச்சு. இந்தப் புள்ள தங்கமயிலு பேரு அவுகளுக்கு நிக்கவே மாட்டேங்கு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு சொல்ல? எனக்கு மூத்தவன் பொறந்தப்ப பதினாறு நாளும் மொதக் கொடம் அவுகளே தூக்கிட்டு வந்து வச்சாவ. அவுக மூஞ்சியப் பாத்து தப்புன்னு சொல்ல எந்த நாக்கு வரும்?"

"சாலுக்கே தெரியுமா?"

"பொம்பளையளுக்கு எல்லாம் தெரியும். ஆம்பளைய நீங்கதான் தூங்குதிய."

பம்பாயில் ஒரு குடம் தண்ணீருக்காகச் சொந்தத் தங்கச்சி தலைமுடியைப் பிடித்து இழுத்தவளைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்திரண்டு பெண்கள், நாலு மாசம், ஒரு வார்த்தை வெளியே வராமல்.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்று, சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இரண்டு பேருமாக இழுக்கும்போது தங்கசாமியிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த தோல் வழுக்கித் தொட்டிக்குள் போயிற்று.

"எனக்கும் சந்தேகம்தான் வே" என்றான். "கொழம்புல ரெண்டு மட்டம் உப்பப் போடுதா. போன மாசம் மாஹிம் பஜாருக்குப் போனவ வழி தெரியாம நின்னுருக்கா. நம்ம சால் கலீலுல்லா பாய்தான் பாத்துக் கூட்டியாந்தாரு. வெளிய சொல்லாதீயன்னு என் கையப் புடிச்சா."

"டாக்டர்ட்ட போகலியா?"

"பயம். அவ அம்மைக்கு இது இருந்துச்சு. அம்பது வயசுல தன் வீட்டு வாசல்லயே நின்னு இது யாரு வீடுன்னு கேட்டா. பெத்த புள்ளையள அடையாளம் தெரியாமலே செத்தா. இவ அதப் பாத்து வளந்தவ." அவன் சுண்ணாம்புக் கையாலேயே முகத்தைத் துடைக்கப் போனான். பிடித்துக்கொண்டேன். "அதான் ஒரு சோலியும் செய்யவிடாம வச்சிருக்கேன். தலைக்கு ஓய்வு குடுத்தாச் சரியாயிரும்னு."

யார் அவளிடம் சொல்வது என்று ஒரு வாரம் போயிற்று. கடைசியில் ஹபீபா சொன்னாள். தங்கசாமியும் நானும் அவள் கோலி வாசலில் நின்றோம்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன். அடிச்சாலும் சரி" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

சீனியம்மாள் அசையாமல் கேட்டாள். "எத்தன நாளா?"

"ஆடி பொறந்ததுலேர்ந்து."

"எத்தன வீட்டுக்குத் தெரியும்?"

"எல்லா வீட்டுக்கும்."

"ஒருத்திகூடச் சண்ட போடலியா?"

"இல்லக்கா."

சீனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தோம். முந்தானையை எடுத்தபோது கண் காய்ந்துதான் இருந்தது. "எங்கம்மைக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கான்னு தெரியணும்" என்றாள். "தெரியாம இருக்க முடியாது. நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க."

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சுப்புலக்ஷ்மி என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். இடியாப்பக் காலத்தில் சீனியம்மாளிடம் வாங்கித் தின்றவர். சீட்டுப் படிக்க ஆள் வேண்டுமென்று தங்கசாமி என்னையும் கூட்டிப் போனான்.

டாக்டரம்மா அவள் கையில் பட்டை கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார். பிறகு மருந்தைப் பற்றிப் பேசாமல் கேள்வியாகக் கேட்டார்.

"ராத்திரி எத்தனை நாழி தூங்கறேள்?"

"எங்க தூங்க? ஒடம்பு திடீர்னு திகுதிகுன்னு எரியுது. வேத்துக் கொட்டுது. எந்திச்சு உக்காந்திருப்பேன். மாசமாசம் வாறதும் தாறுமாறாப் போச்சு."

"எப்போ சாப்பிடுவேள்?"

"எல்லாரும் தின்ன பொறவு. இருந்தா."

"இல்லேன்னா?"

"டீ."

"எத்தனை?"

சீனியம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். எட்டில் நிறுத்தினாள். தொட்டுக்கொள்ள என்ன என்றதற்குக் கருவாடு, ஊறுகாய் என்றாள். பல்லைக் காட்டச் சொன்னார். கறுத்த பல்லைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார்.

"மிஷ்ரி போடறேளா?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் பம்பாய்க்கு வந்து பிடித்த பழக்கம் அது. புகையிலையை வறுத்துப் பொடித்துப் பல்லில் தேய்ப்பார்கள். "காலம்பற மட்டும்" என்றாள். தங்கசாமி தொண்டையைச் செருமினான். "ஆறு ஏழு மட்டம்" என்று திருத்திக்கொண்டாள்.

"நடந்துண்டிருந்தேளே, கூடையோட?"

"இவுக நிறுத்திட்டாவ."

"ஓய்வு குடுத்தேன் டாக்டரம்மா" என்றான் தங்கசாமி.

"நல்ல மனசு. தப்பான காரியம்" என்றார் டாக்டரம்மா. திட்டுகிற குரல் கிடையாது. சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "நடக்கறவாளை உக்கார வச்சா ரத்தமும் உக்காந்துடும். பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. உடம்பில் ரத்தமே இல்லை. தூக்கம் இல்லை. இந்த வயசுல பொம்மனாட்டி உடம்பு ஒரு பெரிய கணக்கு மாத்தறது. அந்த நேரத்துல எல்லாத்தையும் பட்டினி போட்டா மூளை என்ன பண்ணும்?"

சீனியம்மாள் முன்னால் குனிந்தாள். "அப்பம் எங்கம்மைக்கு வந்தது இல்லியா?"

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "அவாளுக்கு வந்தது என்னன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்போ இருக்கறதுல பாதிக்கு மேல சரி பண்ணக் கூடியது. ஆறு மாசம் நான் சொல்றபடி இருங்கோ. பாப்போம்."

"கொழாயடிய விட்டுறணுமா?"

"ஏன் விடணும்? அதுதான் உங்க தலைக்கு வேலை. தப்பு வந்தா வரட்டும். ஆனா அதை மறைக்காம உங்ககிட்டச் சொல்லச் சொல்லுங்கோ. எங்கே தப்பறதுன்னு தெரிஞ்சாத்தானே தேடுவேள்."

மறுநாள் குழாய் இருமுவதற்கு முன்னால் சீனியம்மாள் மேடையில் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எனக்கு மறதி இருக்கு. அது ஒங்களுக்கு எனக்கு முந்தியே தெரியும். இனி நான் தப்பாச் சொன்னா என் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லணும். பேர எடுத்துக் குடுக்கக் கூடாது. நான் யோசிச்சா நெனவு வார வரைக்கும் ஒருத்தியும் வாயத் தெறக்கக் கூடாது. இதுக்குச் சம்மதம்னா நிக்கேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

முருகம்மாள்தான் முதல் முதலில் "தப்பு" என்றவள். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அழாதளா. நல்லாத்தான சொன்னே. இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றாள் சீனியம்மாள்.

மிஷ்ரி டப்பாவை ஹபீபாவிடம் கொடுத்தாள். மூன்றாம் நாள் திருப்பிக் கேட்டாள். ஹபீபா தரவில்லை. ஒரு வாரம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அந்த வாரம் தங்கசாமிக்குக் கிடைத்த ஏச்சுக்கு அளவில்லை. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தங்கசாமி காலையில் எழுந்து கஞ்சி காய்ச்சப் பழகினான். அவள் குடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. ஷாப்பில் எல்லோரும் அவனைக் கேலி செய்தார்கள்.

"என்ன மேஸ்திரி, இன்னைக்குத் தொவையலு என்ன?"

"கொத்தமல்லி. ஒம் பொண்டாட்டிக்கு வேணும்னா வாங்கிட்டுப் போ" என்பான் முறைக்காமல்.

நடப்பதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. டாக்டரம்மா சாயந்தரம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். வேலை இருந்தால் பத்து மைல் நடப்பாள். சும்மா நடப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கைய வீசிக்கிட்டு ரோட்டுல போனா கிறுக்கின்னு சொல்லுவானுவ. இருக்கிற பேரு பத்தாதா?" என்றாள்.

கடைசியில் தங்கசாமி அட்டத்தில் ஏறிப் பழைய இடியாப்பக் கூடையைத் தானே எடுத்துக் கொடுத்தான். அவன் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. காலிக் கூடை. மேலே வெள்ளைத் துணியை விரித்து, சாமான் இருப்பது போலத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் பாலம் ஏறி மாட்டுங்கா போய் வருவாள். பழைய வாடிக்கைக்காரர்கள் நிறுத்தி "என்ன இருக்கு?" என்பார்கள். "வித்துப்போச்சு" என்று நிற்காமல் நடப்பாள்.

பத்து நாளில் முருகம்மாளும் ஒரு கூடையோடு கிளம்பினாள். அவளுக்கும் நாற்பது தாண்டியிருந்தது, முழங்காலில் நீர். அப்புறம் ஹபீபா. தை மாதத்தில் ஏழு பெண்கள், ஏழு காலிக் கூடை, வரிசையாகப் பாலத்தில் போவதை ஷாப்பு முடிந்து வரும்போது பார்ப்பேன். பேச்சும் சிரிப்புமாகப் போவார்கள். அந்தந்த நாளின் முறையைப் பின்னாலிருந்து முன்னாலாகச் சொல்லிக்கொண்டே நடப்பாள் சீனியம்மாள். மற்றவர்கள் தப்பைப் பிடிக்க வேண்டும். அது அவர்களுக்கு விளையாட்டு. திரும்பும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் மிஞ்சிய மேத்தியை, நம் வெந்தயக்கீரையை, கூடைகளில் அள்ளி வந்து சாலுக்குப் பங்கு வைப்பார்கள். கருவாடு வாசம் குறைந்து கீரை வாசம் வர ஆரம்பித்தது.

எல்லாம் ஒரே ஏற்றமாகப் போய்விடவில்லை. மாசியில் ஒரு நாள் "லெச்சுமி" என்று கூப்பிட்டாள். லெச்சுமி செத்து இரண்டு வருஷம். நாற்பது குரலும் சேர்ந்து "தப்பு" என்றன. அவள் மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குள் போனவள் சாயந்தரம்வரை வெளியே வரவில்லை. கூடைகள் ஆறும் அவள் வாசலில் வந்து நின்றன. கடைசியில் ஏழாவது கூடை வெளியே வந்தது.

அந்த வருஷம் மழை தவறியிருந்தது. சித்திரையில் தண்ணீரைக் குறைத்தார்கள். ஒரு நாள் முறை பாதி போய்க்கொண்டிருக்கும்போதே குழாய் நின்றது. ஐந்து நாள் வரவில்லை. குடித்தண்ணீருக்கு மாஹிம்வரை அலைந்தோம். பிள்ளைகளுக்கு உதடு வெடித்தது. அந்த ஐந்து நாளில் ஒரு பிரசவம், ஒரு சாவு, ஷிப்டு மாற்றம், ஊரிலிருந்து திரும்பிய இரண்டு வீடு. பக்கத்துச் சாலில் கத்திக்குத்து என்று போலீஸ் வந்து போயிற்று.

ஆறாம் நாள் காலை குழாய் இருமியது. அரை மணிக்கு மேல் வராது என்று எல்லோருக்கும் தெரியும். வேலைக்குக் கிளம்பிய ஆண்களும் நின்றுவிட்டோம். முறை எந்த இடத்தில் நின்றது, இப்போது எங்கே தொடங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆண்களில் சிலர் குடத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவன் கை நீண்டால் போதும். பதினோரு வருஷம் அன்றைக்கு முடிந்திருக்கும்.

சீனியம்மாள் மேடையில் ஏறினாள். மெலிந்திருந்தாள். பல் வெளுத்திருந்தது.

"வீட்டுக்கு ஒரு கொடம்தான் இன்னைக்கு" என்றாள். கண்ணை மூடினாள். பிறகு ஆரம்பித்தாள்.

சாவு வீடு. பிரசவ வீடு. ஷிப்டு வீடுகள் ஆறும், மாறின ஷிப்டுப்படி. அப்புறம் ஐந்து நாளைக்கு முன் அறுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். ஊரிலிருந்து வந்த இரண்டு பேரையும் அவரவர் விட்ட இடத்தில் செருகினாள். பெயர் விழ விழக் குடம் உட்கார்ந்தது, எழுந்தது. எனக்கு அருகே தங்கசாமி உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு ஆயிற்று.

இருபத்தொன்பதில் நின்றாள்.

வாய் திறந்திருந்தது. பெயர் வரவில்லை. முருகம்மாளின் குடம் எழுந்து போயிற்று. அந்த இடம் காலி. தண்ணீர் வெறும் கல்லில் விழுந்தது.

முருகம்மாளுக்கு அடுத்து யார் என்று எல்லோருக்கும் தெரியும். குடத்துக்குச் சொந்தக்காரி இரண்டடி தூரத்தில் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாளே தவிரக் குடத்தை நீட்டவில்லை. அவளைத் தவிர இன்னும் பிடிக்காத பதினான்கு வீட்டுக் குடங்களும் வரிசையில் காய்ந்து கிடந்தன. ஐந்து நாளாகக் காணாத தண்ணீர் கல்லில் விழுந்து, மேடை வழிந்து, சாக்கடைக்கு ஓடியது. ஒரு கை அசையவில்லை. ஒரு நாக்கு புரளவில்லை. பின்னால் நின்ற ஆண்களில் எவனோ "அட, பாத்திரத்த..." என்று தொடங்கினான். ஹபீபா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வழிந்த தண்ணீர் என் கால் விரலுக்கு வந்தது. குளிர்ந்திருந்தது. தங்கசாமியின் கை என் தோளைப் பிடித்திருந்தது, சதையோடு பிடித்திருந்தான். என் ஆயுளில் நான் எத்தனையோ கோயில் வாசலில் நின்றிருக்கிறேன். அவ்வளவு அமைதியை எங்கும் கேட்டதில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

சீனியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. தலையில் கூடை இருப்பது போலக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். கால் பெருவிரல் கல்லில் தாளம் போட்டது, பாலத்தில் நடப்பது போல. உதடுகள் பின்னாலிருந்து முன்னாலாக எதையோ தேடிப் போயின. போய், திரும்பி வந்தன.

கண்ணைத் திறந்து நேராக மூலைக் கோலிப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஏளா தங்கமயிலு, யாரப் பாத்துக்கிட்டு நிக்கே? கொடத்த வையி. தண்ணி போகுதுல்லா."